எந்தக் கவுண்டிக்கு எந்த ஸ்கேனர்?

கலிபோர்னியாவின் சியரா மலையடிவாரத்தில் மே மாதம் புல் காய்ந்து பழுப்பேறத் தொடங்கியதும், அங்கே குடியிருப்பவர்களிடையே ஒரு விசாரிப்பும் தொடங்கிவிடும்: எந்த ஸ்கேனர் வாங்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் எடுத்தவுடன் மாடல் பெயரைச் சொல்லமாட்டார்கள். “எந்தக் கவுண்டியில் இருக்கிறீர்கள்? யார் பேசுவதைக் கேட்க வேண்டும்?” என்று திருப்பிக் கேட்பார்கள். நூறு டாலரைச் சற்றே தாண்டும் கருவி போதுமா, அதைப்போல ஐந்தாறு மடங்கு கொடுத்தாக வேண்டுமா, எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஒன்றும் கேட்காதா என்பது அந்த ஊரின் தீயணைப்புத் துறையும் காவல் துறையும் எந்த வகை வானொலியில் பேசுகின்றன என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிய ஸ்கேனர்கள் அமெரிக்க வீடுகளின் மேசை இழுப்பறைகளில் நிறையத் தூங்குகின்றன.

ஸ்கேனர் என்பது கேட்க மட்டும் தெரிந்த வானொலி. பேசும் வசதி அதில் கிடையாது. நாம் பதிந்துவைத்த சேனல்களை ஒவ்வொன்றாக, கண் இமைக்கும் நேரத்தில் பலவற்றைத் தாண்டி, எங்காவது சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். இருந்தால் நிற்கும், பேச்சு முடிந்ததும், பதில் வருமென்று இரண்டு நொடி காத்திருக்கும், பிறகு மறுபடி சுற்றக் கிளம்பும். வெறும் இரைச்சலை ஒலிபெருக்கிக்கு விடாமல் தடுக்கும் கதவுக்கு ஸ்க்வெல்ச் என்று பெயர். அந்தக் குமிழைச் சரியாக வைக்கத் தெரியாததால் “ஒன்றுமே வரவில்லை” என்று கருவியைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. இரைச்சல் கேட்கும்வரை திறந்து, அது நிற்கும் இடத்துக்குச் சற்றே மேலே வைத்தால் போதும்.

கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2018 நவம்பர் 8 அன்று பியூட் கவுண்டியில் மூண்ட கேம்ப் தீ, பாரடைஸ் என்ற ஊரைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை பலருக்கு வந்து சேரவே இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில், பலத்த காற்றில் மின்கம்பிகள் தீ மூட்டிவிடும் என்று அஞ்சி வட கலிபோர்னியாவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மரின் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட செல்போன் கோபுரங்கள் அப்போது செயலிழந்தன. பேச்சை வாங்கி மறுபடி வலுவாக அனுப்ப மலை உச்சியில் வைத்திருக்கும் தீயணைப்பு ரிப்பீட்டரிலிருந்து நேரே வரும் அலையைப் பிடிக்க இரண்டு பேட்டரி போதும். இடையில் இணையமோ கோபுரமோ வேண்டியதில்லை. ஸ்கேனர் ஒலியை இணையத்தில் பரப்பும் செயலிகள் வசதியானவைதாம். ஆனால் மின்சாரம் போன இரவில் அவை உங்கள் தொலைபேசியோடு சேர்ந்து ஊமையாகிவிடும்.

2021இல் சோனோமா கவுண்டியில் தொடங்கப்பட்ட வாட்ச் டியூட்டி என்ற செயலியை இன்று மேற்கு மாநிலங்களில் பெரும் எண்ணிக்கையினர் தீக்காலத்தில் நம்பியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தபோது ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகெலும்பு, மணிக்கணக்கில் ஸ்கேனர் கேட்டு, கேட்டதைச் சரிபார்த்து எழுதும் மனிதர்கள். பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கிய ஒரு திறமை இப்படி ஊருக்கு உதவுவதை நான் உண்மையான மதிப்போடு பார்க்கிறேன்.

மலைப்பக்கத்தை முதலில் பார்ப்போம். மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர், 151 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் பழைய அனலாக் எஃப்.எம். முறையில் பேசுகிறது, மத்திய அரசின் வனத்துறை பெரும்பாலும் 168 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே. இந்த அலைகளின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். மேடு பள்ளங்களை வளைந்து கடப்பதிலும் மரக்கூட்டத்தை ஊடுருவுவதிலும் 800 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட இவை கெட்டிக்காரத்தனம் உள்ளவை. ஆளில்லாத மலைத்தொடரில் குறைந்த கோபுரங்களைக் கொண்டு நிறைய நிலத்தை எட்ட வேண்டியிருப்பதால் இந்தப் பட்டையைத் துறை விடவில்லை. கேட்பவருக்கும் இது நல்ல சேதி: யூனிடன் பிசி125ஏடி போன்ற எளிய அனலாக் கைக்கருவி போதும். வங்கி எனப்படும் பத்து நினைவகப் பிரிவுகளில் 500 சேனல்களைப் பதியலாம். 512 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதற்குக் காது கிடையாது. மலையில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

ஒரு சேனலைப் பதிவதை அருகிலிருந்து பார்த்தால்தான் இதன் நுணுக்கம் புரியும். 154.280 என்ற அதிர்வெண்ணை எடுத்துக்கொள்வோம். வெவ்வேறு ஊர்த் தீயணைப்பு வண்டிகள் ஓரிடத்தில் கூடும்போது தங்களுக்குள் பேச அமெரிக்கா முழுக்க ஒதுக்கப்பட்ட பொதுச் சேனல் இது. எண்ணை அடிக்கிறீர்கள். பெயர் கேட்கும், கட்டாயம் கொடுங்கள். நள்ளிரவில் திரையில் வெறும் ஆறு இலக்கம் ஒளிர்ந்தால் யார் பேசுகிறார் என்பது தூக்கக் கலக்கத்தில் விளங்காது. அடுத்து, டோன் என்ன என்று கேட்கும். அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

டோன் என்பது பேச்சுக்கு அடியில் ஓடும் மெல்லிய ஒலி. 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரை. ஒலிபெருக்கிக்குப் போகுமுன் கருவி அதை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு எட்டாது. ஒரே அதிர்வெண்ணைப் பல மலையுச்சி ரிப்பீட்டர்கள் பகிரும்போது, எந்த ரிப்பீட்டர் விழிக்க வேண்டும் என்பதை இதுதான் சொல்கிறது. கால் ஃபயர் வீரர்களின் வானொலியில் இவை வரிசை எண்களாகவே இருக்கின்றன: டோன் 1 என்றால் 110.9 ஹெர்ட்ஸ், டோன் 2 என்றால் 123.0, டோன் 8 என்றால் 103.5. ஒரு தீக்கு வண்டிகளை அனுப்பும்போது கட்டுப்பாட்டு அறை கட்டளைச் சேனல், அதன் டோன், களச் சேனல் மூன்றையும் சேர்த்துச் சொல்லும். அதைக் கேட்டு “டோன் 2” என்று தம் ஸ்கேனரிலும் ஒருவர் 123.0 பதிந்தால், சேனல் ஊமையாகிவிடக்கூடும். வீரர் ரிப்பீட்டரை நோக்கி அனுப்பும் டோன் அது. ரிப்பீட்டர் நம் பக்கம் திருப்பி அனுப்பும்போது வேறொரு டோனோடு அனுப்பலாம். ஆகவே முதலில் டோனைக் காலியாக விடுங்கள், அல்லது தேடும் நிலையில் வையுங்கள். என்ன டோன் வருகிறது என்பதைக் கருவியே சில நாட்களில் திரையில் காட்டிக் கொடுக்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கின் பேச்சு வந்து தொல்லை செய்தால் மட்டும் டோனைப் பூட்டினால் போதும்.

கட்டளைச் சேனலுக்கும் களச் சேனலுக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். கட்டளைச் சேனல் ரிப்பீட்டர் வழியாக வருவதால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். களச் சேனலில் வீரர்கள் கையிலிருக்கும் ஐந்து வாட் வானொலிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுகின்றன. நடுவில் ஒரு மலைமுகடு வந்தாலும் உங்களுக்கு எதுவும் வராது. உங்கள் ஸ்கேனர் அமைதியாக இருக்கிறது என்பதால் தீ அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது தெரியாமல் நிம்மதியாகத் தூங்கப் போவது ஆபத்து.

விமானங்களைக் கேட்பது தனிச் சுவை. தீயின் மேல் வட்டமிடும் ஓவி-10 பிராங்கோ விமானத்திலிருக்கும் அதிகாரி, தரையில் உள்ளவர்களோடு எஃப்.எம்.மிலும், சிவப்பு ரசாயனத்தைக் கொட்ட வரும் எஸ்-2டி விமானிகளோடு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்கு உட்பட்ட வானூர்திப் பட்டையில் ஏ.எம்.மிலும் பேசுவார். உலகமே எஃப்.எம்.முக்கு மாறிய பின்னும் விமானங்கள் ஏ.எம்.மில் நிலைத்ததற்கு ஒரு நல்ல காரணம் சொல்வார்கள். எஃப்.எம். வாங்கியில் இரண்டு சிக்னல்கள் ஒரே நேரத்தில் வந்தால் வலுத்தது மட்டும் கேட்கும். இளைத்தது சுவடின்றி அமுங்கிப்போகும். ஏ.எம்.மில் இரண்டும் கலந்து ஒரு கீச்சொலி எழும். யாரோ இன்னொருவரும் கூப்பிட்டார் என்பதாவது தெரிந்துவிடும். வானத்தில் அந்தத் தகவல் உயிர்காக்கும். எங்கும், எப்போதும், அவசரத்துக்காக ஒதுக்கிய 168.625 என்ற ‘ஏர் கார்ட்’ சேனலையும் இந்த வரிசையில் பதிந்துகொள்ளலாம். பெரும்பாலும் மௌனமாக இருக்கும், பேசினால் கவனிக்க வேண்டியதாக இருக்கும்.

500 இடம் இருக்கிறதே என்று 500ஐயும் நிரப்புவது கேடு. நொடிக்கு 50 சேனல் தாண்டும் கருவி என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று முடிய பத்து நொடி. “தீ சாலையைத் தாண்டிவிட்டது” என்று சொல்ல மூன்று நொடி கூட ஆகாது. அது உங்கள் சுற்றுக்கு நடுவில் விழுந்து தொலைந்துபோகும். சொந்தக் கவுண்டியின் அழைப்புச் சேனல்களை ஒரு வங்கியில், கட்டளைச் சேனல்களை இன்னொன்றில், விமானங்களைத் தனியாக என்று பிரித்து, அன்றைக்கு வேண்டிய வங்கியை மட்டும் திறந்து வையுங்கள். தீயில்லாத நாட்களில் எனக்குத் தெரிந்து இருபது சேனலே தாராளம்.

மலையிலிருந்து இறங்கி விரிகுடாப் பகுதிக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் ஃப்ரீமான்ட், அலமீடா கவுண்டியில் இருக்கிறது. அங்கே கிழக்கு விரிகுடா வட்டார வானொலி அமைப்பு இயங்குகிறது. சன்னிவேல், சான் ஹோசே ஊர்கள் சான்டா கிளாரா கவுண்டியில். அங்கே சிலிக்கன் வேலி வட்டார அமைப்பு. இரண்டுமே பி25 என்ற டிஜிட்டல் முறையில் ட்ரங்கிங் செய்பவை.

வங்கியில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, எந்தக் கவுன்டர் காலியாகிறதோ அங்கே போவதைப் பார்த்திருப்பீர்கள். ட்ரங்கிங் அதுதான். பழைய முறையில் குப்பை லாரிகளுக்கு ஒரு சேனல், ஆம்புலன்ஸுக்கு ஒன்று, பூங்காத் துறைக்கு ஒன்று என்று ஒதுக்கிவிட்டால், பாதி நேரம் பாதிச் சேனல்கள் சும்மா கிடக்கும். ட்ரங்கிங்கில் பத்துப் பதினைந்து அதிர்வெண்களை நூற்றுக்கணக்கான பேச்சுக்குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. கட்டுப்பாட்டு சேனல் ஒன்று இரவும் பகலும் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் தகவல் உமிழ்ந்துகொண்டே இருக்கும்: இந்தக் குழு இப்போது இந்த அதிர்வெண்ணுக்குப் போகட்டும். பேசுபவர் பொத்தானை அமுக்கிய கணத்தில் எல்லா வானொலிகளும் அங்கே தாவுகின்றன. அடுத்த வாக்கியம் வேறோர் அதிர்வெண்ணில் வரலாம். சாதாரண ஸ்கேனரில் இதைக் கேட்டால் தீயணைப்பு வீரரின் பாதி வாக்கியமும் நூலகக் காவலாளியின் மீதி வாக்கியமும் ஒட்டி வரும்; டிஜிட்டலாக இருந்தால் இரைச்சல்தான். ஆகவே, கட்டுப்பாட்டு சேனலைப் படித்துப் பின்தொடரத் தெரிந்த கருவி வேண்டும். அதில் நாம் பதிய வேண்டியவை, நம் வட்டாரக் கோபுரத்தின் கட்டுப்பாட்டு அதிர்வெண்களும் விரும்பும் பேச்சுக்குழுக்களின் எண்களும். இரண்டில் ஒன்று தப்பினாலும் கதை முடிந்தது.

பி25இன் முதல் கட்டம், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு பேச்சு. இரண்டாம் கட்டம், அதே அகலத்தில் நேரத்தைத் துண்டுபோட்டு இரண்டு பேச்சு. முதல் கட்டம் மட்டும் தெரிந்த பழைய கருவியை மலிவாகக் கிடைக்கிறதென்று சிலிக்கன் வேலியில் வாங்கினால் பணம் வீண். வாங்குமுன் “இரண்டாம் கட்டம் உண்டா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. மிகப் பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். ஒரே நகரில் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்புவதை சிமுல்காஸ்ட் என்கிறார்கள். அதிர்வெண் மிச்சம், ஊரெங்கும் சீரான வீச்சு. ஆனால் கேட்பவர் நிற்கும் இடத்துக்கு ஒரு கோபுரம் ஐந்து கிலோமீட்டர், இன்னொன்று இருபது என்று வையுங்கள். வானொலி அலை மைக்ரோநொடிக்கு 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் 50 மைக்ரோநொடித் தாமதம். பி25 முதல் கட்டத்தில் நொடிக்கு 4,800 குறியீடுகள் வருகின்றன; ஒரு குறியீட்டின் ஆயுள் 208 மைக்ரோநொடி. ஆக, ஏறத்தாழ கால் குறியீடு பிந்தி அதே செய்தியின் இன்னொரு பிரதி வந்து முதல் பிரதியின்மேல் விழுகிறது. துறையினரின் வானொலிகள் இதைச் சமாளிக்கும் சுற்றோடு செய்யப்பட்டவை. சாதாரண எஃப்.எம். வாங்கியைக் கொண்டு டிஜிட்டலைப் படிக்கும் ஸ்கேனர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. திரையில் சிக்னல் கோடுகள் ஐந்தும் நிரம்பியிருக்கும். பேச்சோ துண்டு துண்டாகச் சிதறும். சிக்னல் போதவில்லை என்று நினைத்துப் பெரிய ஆன்டெனா மாட்டினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் தூரத்துக் கோபுரமும் இப்போது வலுவாக வந்து மோதும். இந்தச் சிக்கலுக்கென்றே 2018இல் யூனிடன் எஸ்டிஎஸ்100 வந்தது. அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் வாங்கி அதில் இருக்கிறது. விலை அதிகம். சிமுல்காஸ்ட் இல்லாத ஊரில் அது தேவையில்லை. சிமுல்காஸ்ட் நகரின் நடுவில் குடியிருப்பவர் அதைவிட மலிவாகத் தேடிக் காலத்தைப் போக்குவதும் வீண். கைக்காசு குறைவென்றால், ஒரே திசையை நோக்கும் யாகி ஆன்டெனாவை அருகிலுள்ள கோபுரத்தின் பக்கம் திருப்பி மற்றவற்றைத் தணிக்கலாம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற விரலளவு யுஎஸ்பி வாங்கியையும் எஸ்டிஆர்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளையும் மடிக்கணினியில் இணைப்பது இன்னொரு வழி; கற்றுக்கொள்ளும் பொறுமை இருப்பவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

அஞ்சல் குறியீட்டை அடித்தால் அந்தப் பகுதியின் எல்லாச் சேனல்களையும் தானாகவே ஏற்றிக்கொள்ளும் ஸ்கேனர்களும் உண்டு. முதல் நாள் மகிழ்ச்சி தரும். மறுநாள் பள்ளிப் பேருந்து, விமான நிலைய லாரி, பூங்காத் தோட்டக்காரர் என்று எல்லோரும் பேசிக்கொண்டே இருக்க, வேண்டியது காதில் விழாது. தானாக ஏற்றியதிலிருந்து பொறுக்கியெடுத்துத் தனிப்பட்டியல் ஒன்றைச் செய்துகொள்ளும் வேலையை யாரும் நமக்காகச் செய்யமாட்டார்கள்.

மறையாக்கம் செய்த பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது. திறக்க முயல்வதும் சட்டப்படி தப்பு. 2020 அக்டோபரில் கலிபோர்னிய நீதித்துறை, மக்களின் தனிப்பட்ட விவரங்கள் வானொலியில் வெளிப்படாமல் காவல் துறைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. வழியும் இரண்டு சொன்னது: முழுவதையும் மறையாக்குங்கள், அல்லது அந்த விவரங்களை மட்டும் வானில் சொல்லாத நடைமுறையை ஏற்படுத்துங்கள். பல ஊர்கள் முதல் வழியில் போயின. 2021 ஜனவரியில் மறைந்துகொண்ட பாலோ ஆல்டோ காவல் துறை, ஊரார் விடாமல் கேட்டதன் பின் 2022இல் மீண்டும் திறந்தது. நெடுஞ்சாலைக் காவல் துறையோ மறையாக்கத்துக்குப் போகாமலே சமாளித்தது. ஓட்டுநர் உரிம எண்ணைக் காக்க ஊரின் காதையே அடைப்பது அளவுக்கு மீறிய மருந்து என்பது என் எண்ணம். பாலோ ஆல்டோ அதற்கு நல்ல சாட்சி. தீயணைப்பும் ஆம்புலன்ஸும் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன.

அமெரிக்காவில் திறந்த பொதுப் பாதுகாப்புப் பேச்சைக் கேட்பதை 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் அனுமதிக்கிறது. செல்போன் உரையாடல்கள் முற்றிலும் விலக்கு. அந்தப் பட்டையைப் பிடிக்கும் ஸ்கேனரை 1994 முதல் உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ முடியாது. கேட்டதைக் கொண்டு குற்றம் செய்வதும் போலீஸிடமிருந்து தப்புவதும் கலிபோர்னியத் தண்டனைச் சட்டத்தில் தனிக்குற்றம். காரில் ஸ்கேனர் வைத்துக்கொள்வதற்கு நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒன்றை வரவழைக்க வேண்டாம். உரிமமின்றி இத்தகைய வானொலிக் கருவியை வைத்திருப்பதே இந்தியாவில் 1933ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகத் தண்டனைக்குரியது. ஆர்வமுள்ளவர்கள் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமம் வாங்குவதே நேர்வழி.

கருவி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது வானிலை நிலையம். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு சேனல்களில் அமெரிக்க வானிலைத் துறை இருபத்துநான்கு மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் ஓடும் சிக்னல் என்பதால் ஆன்டெனாவைச் சோதிக்க இதைப் போல வசதி வேறில்லை. வீட்டில் எந்த ஜன்னலருகே தெளிவாக வருகிறதோ, கருவியின் இடம் அதுவே. கூட வரும் ரப்பர் ஆன்டெனா எல்லாப் பட்டையிலும் சுமாராக வேலை செய்யும்படி சுருக்கிச் செய்தது. 154 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 49 சென்டிமீட்டர். 850க்கு 9 சென்டிமீட்டர் தான். 42 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசும் கலிபோர்னிய நெடுஞ்சாலைக் காவல் துறைக்கோ ஒன்றேமுக்கால் மீட்டருக்கு மேல். மலைப்பக்கத்தில் இருப்பவர் அரை மீட்டர்க் கம்பி ஆன்டெனா ஒன்றைக் கூரையோரம் செங்குத்தாக நிறுத்தினால், அடுத்த விலைக் கருவிக்குப் போவதைவிட அதிக லாபம். படுக்கவைத்தால் பயனில்லை, ரிப்பீட்டர்களும் வண்டிகளும் செங்குத்து அலையையே அனுப்புகின்றன.

முதல் வாரம் காது பழக வேண்டும். ஆளின் பெயர் வராது. வண்டி எண், பிரிவு எண், சாலைச் சந்திப்பு என்றே பேச்சு ஓடும். கவுண்டியின் சாலை வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவையுங்கள். முதல் அழைப்பில் சொல்வது பெரும்பாலும் மாறும்: “வீடு எரிகிறது” என்பது வண்டி போய்ச் சேர்ந்ததும் “அடுப்பில் கருகிய சட்டி” ஆகும். அதனால் கேட்டதை உடனே வெளியே எழுதாதீர்கள். யாருடைய முகவரியையும், காயமுற்றவர் விவரத்தையும் எழுதவே வேண்டாம். வெளியேறும் உத்தரவு கவுண்டி ஷெரிஃபிடமிருந்து வரவேண்டியது. ஆனால் கட்டளைச் சேனலில் உங்கள் சாலையின் பெயர் அடிபட்டால், உத்தரவு வரும்வரை காத்திராமல் காரில் பெட்டியை ஏற்றுவதை யாரும் தடுக்கவில்லை. தொல்லை தரும் சேனலைச் சுற்றில் சேராதபடி விலக்கிவிடுங்கள். பதிந்ததை எல்லாம் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்துவைத்து, ஒவ்வொரு வசந்தத்திலும் புதிய அலைவரிசைத் திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கூடுதலாக ஒரு ஜோடி பேட்டரியும் வாங்கிவையுங்கள்.